ஓட்டை ஒண்ணு, ஒப்பனை ஒம்பது

மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவனை ஊர்ல சோம்பேறிம்பாங்க. நீ அதையே ஏணி போட்டு ஏறி நின்னு பாக்குற. அமெரிக்கா வந்தா எல்லாத்துலயும் ஒரு முன்னேற்றம்தான் மாப்ளே, ஒத்துக்கிறேன்.

இறங்கி வா. அந்த ஓட்டை எங்கயும் ஓடிப் போகாது. டாலஸ் பக்கத்துல ஃபிரிஸ்கோவுல வீடு வாங்கின, பால் காய்ச்சின, எல்லாம் சரி. பூசை அறைக்குன்னு ஊர்லயிருந்து பித்தளைத் தொங்கு விளக்கைக் கொண்டாந்து, கூரையில துளை போட்டு, பிளாஸ்டிக் கிரிப்பு ஒண்ணைச் சொருகி, அதுல கொக்கியை முறுக்கின பாரு, அங்கதான் மாமனுக்கு நெஞ்சு திக்குன்னுச்சு. கேட்டதுக்கு, "எவ்வளவு பாரம் தாங்கும்னு அட்டையிலயே போட்டிருக்கு மாமா"ன்ன. அட்டையில போட்டிருந்தது சுவத்துக்கு மாப்ளே. சுவத்துல மாட்டுற பாரம் பலகையை ஒட்டிக் கீழ்முகமா அமுக்கும். கூரையில மாட்டுற பாரம் கிரிப்பையே நேரா வெளிய புடுங்கும். ரெண்டும் ஒண்ணா? கார்த்திகை வரைக்கும் தாங்கலை. விளக்கு தானா இறங்குச்சு, வரும்போது உள்ளங்கை அகலத்துக்குக் கூரையையும் கூட்டியாந்துருச்சு. அந்த நேரம் கீழ யாரும் நிக்கலை. அங்க சாமி குடியிருக்குங்கிறதுக்கு வேற சாட்சி வேணுமா?

நான் கோவில்பட்டிப் பக்கம் காலம்பூரா கரண்டி பிடிச்ச கொத்தன். உனக்குக் காது குத்தும்போது மடியில வச்சிருந்த தாய்மாமன். அந்தக் காதைக் கொஞ்ச நேரம் எங்கிட்ட குடு, வலிக்காம சொல்றேன்.

முதல்ல, உன் தலைக்கு மேல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க. ஊர்ல நம்ம கூரை கான்கிரீட்டு. கம்பி கட்டும்போதே ஃபேன் கொக்கியையும் சேத்துக் கட்டி உள்ள புதைச்சிருவோம். அதுல ஊஞ்சல் போட்டு உங்க அத்தை ஆடுனாலும் அசையாது. இங்க இருக்கிறது அரை அங்குலமோ, அதைவிடக் கொஞ்சம் தடிச்சு அஞ்சே எட்டு அங்குலமோ உள்ள ஜிப்சம் பலகை. ரெண்டு பக்கமும் காகிதம், நடுவுல ஜிப்சம். டிரைவாலுங்கிறான், ஷீட்ராக்குங்கிறான், ஜிப்சம் போர்டுங்கிறான். கூப்பிடுறதுக்கு மூணு பேரு, தாங்குறதுக்கு மட்டும் தெம்பு இல்லை.

ஆனா அதை இளக்காரமா நினைக்காத. 1894-ல அகஸ்டின் சாக்கெட்டுன்னு ஒரு மனுசன் காகிதத்தையும் பிளாஸ்டரையும் அடுக்கி ஒரு பலகை செஞ்சு காப்புரிமை வாங்குனாரு. 1902-ல தொடங்குன யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் கம்பெனி 1909-ல அவரு கம்பெனியை வாங்கிப் போட்டுச்சு. ஷீட்ராக்குங்கிற பேரு 1917-ல வந்தது. அதுக்கு முன்னாடி இங்கயும் நம்மள மாதிரி கொத்தனுங்கதான். மரச்சட்டங்களை வரிசையா அடிச்சு, அது மேல மூணு பூச்சு பூசி, காயுறதுக்கு வாரக்கணக்கா உக்காந்திருப்பாங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு பட்டாளத்துக்காரங்க ஊரு திரும்புனதும் வீடு வீடுன்னு பறந்தாங்க. யாருக்குக் காயுற வரைக்கும் பொறுமை இருந்துச்சு? பலகை ஜெயிச்சுருச்சு, கொத்தன் தோத்துட்டான். எனக்கு அது மேல ஒரு சின்னப் பகை உண்டு, மறைக்கலை.

பகை இருந்தாலும் நல்லதைச் சொல்லணும். ஜிப்சத்தோட எடையில அஞ்சுல ஒரு பங்கு தண்ணி. கல்லோட கல்லா இறுகிப்போய் உள்ளயே கிடக்கும். தீப்பிடிச்சா அந்தத் தண்ணி ஆவியாகிப் போற வரைக்கும் சூடு மேல ஏறாது. கார் நிறுத்துற கராஜுக்கு மேல படுக்கையறை இருந்தா அந்தக் கூரைக்குத் தடிச்ச பலகை, அதுவும் தீ தாங்குற ரகம்தான் போடணும்னு சட்டமே வச்சிருக்கான். அதனால கராஜுல ஓட்டை விழுந்தா, அழகைப் பத்தின சோலி இல்லைன்னு விட்டுறாத. அதே ரகப் பலகையை வாங்கித்தான் அடைக்கணும்.

இப்ப அண்ணாந்து பாரு. கூரை வழவழன்னு இருக்கா? இல்லை. திட்டுத் திட்டா, மேடும் பள்ளமுமா இருக்கு. ஏன்னு கேட்டா, அழகுக்குன்னு வீடு விக்கிறவன் சொல்லுவான். கொத்தனைக் கேளு, உள்ளதைச் சொல்றேன். பலகை 4 அடி அகலம், 8 அடியோ 12 அடியோ நீளம். ஒண்ணோட ஒண்ணு சேருற இடத்துல பட்டை ஒட்டி, பூச்சு இழுத்து, தேய்ச்சு மட்டம் பண்ணணும். ஜன்னல் வழியா வெயில் சாய்வா வந்து கூரையைத் தடவுச்சுன்னா ஒரு நூல் மேடு இருந்தாலும் நிழல் போட்டுக் காட்டிக் குடுத்துரும். முழுக் கூரையையும் கண்ணாடி கணக்கா இழைக்கணும்னா ஆள் கூலி எகிறும். அதனால என்ன பண்ணுனான்? பூச்சையே தண்ணியா கரைச்சு, குழாய்ல வச்சு மேல பீச்சி அடிச்சுட்டான். எல்லா இடமும் மேடு பள்ளமாயிட்டா எந்த இடம் கோணல்னு யாருக்குத் தெரியும்? நம்ம ஊர்ல கொத்தன் பூசுன சுவத்துல இம்புட்டு மேடு பள்ளம் இருந்தா கூலியைப் பிடிச்சுக்குவாங்க. இங்க அதுக்கு டெக்ஸ்சருன்னு பேரு வச்சுத் தனிக்கூலி வாங்குறாங்க. கெட்டிக்காரப்பயலுக.

அதுலயும் சாதி பல. பழைய வீட்டுல பொரி பொரியா உதிர்றது பாப்கார்ன். பொடிப் புள்ளியா இருக்கிறது ஆரஞ்சுத் தோல். பெரிய துளியா அடிச்சு, பாதி காஞ்சதும் அகலத் தகடால தலையை மட்டும் தட்டிவிட்டுத் தட்டையாக்குனா நாக்டவுன். உன் வீட்டுல இருக்கிறது அதுதான், டெக்சாஸ் முழுக்க அது சாதாரணம். பிரஷ்ஷை அமுக்கி அமுக்கி எடுத்துக் காக்காக்கால் பதிச்சதும் உண்டு. இதுல எதுன்னு தெரியாம வைத்தியத்துல இறங்காத.

இதுல உள்ள வம்பு புரியுதா? வீடு கட்டுனவன் தன் கோணலை மறைக்கப் பூசுன பூச்சு, உன் கோணலை மட்டும் ஊருக்கே காட்டிக் குடுக்கும். ஓட்டையை அடைக்கிறது கால்வாசி வேலை. அடைச்ச இடத்தை அக்கம் பக்கத்தோட ஒத்துப்போக வைக்கிறது முக்கால்வாசி. அந்த முக்கால்வாசியிலயும் பெரும்பங்கு என்ன தெரியுமா? கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கிறது. அது உனக்கு வராதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

கத்தியைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளு.

ஓட்டை எப்படி வந்தது? உன் ஓட்டைக்கு உன் விளக்கே காரணம், அதனால விசாரணை முடிஞ்சுது. ஆனா பழுப்பு வட்டம் தெரிஞ்சு, பலகை ஊறிப்போய், தொட்டா நொறுங்குதுன்னா அது வேற கதை. இந்தப் பக்கம் பாதி வீட்டுல ஏசி மிஷினை மச்சுக்குள்ளதான் வச்சிருக்கான். அதுல சொட்டுற தண்ணி போற குழாய் அடைச்சுக்கிட்டா, தட்டு நிரம்பி நேரா கூரை வழியா உன்னைப் பாக்க வரும். மாடிக் குளியலறை, மேற்கூரை, அதுகளையும் சந்தேகப்படு. ஒழுகுறதை நிறுத்தாம ஓட்டையை அடைக்கிறவன், அடுத்த மழைக்கு இன்னொரு தடவை அடைக்கலாம். பொழுது போகும்.

வீடு எந்த வருசத்துது? உன் வீடு புதுசு, கவலை இல்லை. ஆனா பழைய பாப்கார்ன் கூரை உள்ள வீட்டுல இருக்கிற உன் கூட்டாளிகளுக்கு இதைச் சொல்லு. அந்தக் காலத்துப் பூச்சுல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பாங்க. சந்து பூசுற பூச்சுல அதைச் சேக்கக்கூடாதுன்னு 1977-ல தடை போட்டாங்க, அழகுக்குத் தெளிக்கிற பூச்சுல சேக்கக்கூடாதுன்னு 1978-ல போட்டாங்க. ஆனா கடையில கிடந்த சரக்கு அதுக்குப் பிறகும் கொஞ்ச காலம் கூரையேறுச்சு. ஈயம் கலந்த பெயிண்டை வீட்டுக்கு அடிக்கக்கூடாதுன்னு தடை வந்ததும் 1978-லதான். அதனால எண்பதுகளோட தொடக்கம் வரைக்கும் கட்டுன வீடுன்னா, சுரண்டாத, தேய்க்காத. ஆய்வகத்துக்கு ஒரு துணுக்கு அனுப்பிச் சோதிச்சுட்டு வா. வீரத்தை வேற இடத்துல காட்டலாம், நுரையீரல்ல காட்ட வேண்டாம்.

மேல என்ன ஓடுது? டார்ச்சை அடிச்சு ஓட்டைக்குள்ள பாரு. கரண்டு வயரு போகும், குழாய் போகும். பாக்காம ரம்பத்தை உள்ள விட்டா, கூரையில ஒரு ஓட்டையோட போக வேண்டியது, வயரை அறுத்து வீடே இருட்டுல போய் நிக்கும். மச்சுக்குள்ள பஞ்சு பஞ்சாப் பரத்தியிருக்கானே, குளிருக்கும் சூட்டுக்கும் தடுப்பா, அதுவும் மூஞ்சியில கொட்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடு, வாய்க்கு மாஸ்க்கு போடு. தரைக்குத் துணியை விரி. விரிக்காட்டி உன் வீட்டுக்காரி என்ன சொல்லுவாங்கிறதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி வைத்தியம். ஓட்டையோட அளவைப் பொறுத்து மருந்து.

ஆணித்துளை, ஸ்குரூ துளைன்னா ஸ்பேக்லிங்குங்கிற அடைப்புப் பசை போதும். ஈரமா இருக்கும்போது ரோஸ் நிறத்துல இருந்து, காஞ்சதும் வெள்ளையா மாறுற ரகம் ஒண்ணு விக்கிறான். எப்ப காயும், எப்ப காயும்னு விரலால குத்திக் குத்திப் பாக்குற உன் மாதிரி ஆளுக்காகவே செஞ்சது. வாங்கிக்க.

ரெண்டு, மூணு அங்குல ஓட்டைன்னா பின்னாடி பசை உள்ள அலுமினிய வலை கிடைக்கும். ஒட்டி, மேல பூசிரலாம். ஆனா வலை கூரைக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கும். அதை மறைக்கப் பூச்சை ரொம்பத் தூரம் பரத்தணும். பரத்தாம விட்டா, கீழயிருந்து பாக்குறப்ப சதுரமா ஒரு மேடு தெரியும்.

உன் ஓட்டை உள்ளங்கை அகலம். இதுக்குக் கலிஃபோர்னியா ஒட்டுன்னு ஒரு வித்தை இருக்கு. டெக்சாஸ்ல உக்காந்துக்கிட்டு கலிஃபோர்னியா பேரைச் சொல்றேன்னு பக்கத்து வீட்டுக்காரன்கிட்டப் போய்ச் சொல்லிறாத. முதல்ல ஓட்டையைச் சுத்தி இருக்கிற கிழிசல் காகிதம், நொறுங்குன ஜிப்சம் எல்லாத்தையும் எடுத்துட்டு, சதுரமா கோடு போட்டு வெட்டிக்க. 4 அங்குலச் சதுரம்னு வை. இருக்கிற ஓட்டையைச் சதுரமாக்குறேன்னு பெருசாக்குறியேன்னு உன் மக கேப்பா. கோணல் ஓட்டைக்குக் கோணல் ஒட்டு வெட்டுறது சாமியாலயும் முடியாதுன்னு சொல்லு.

அடுத்து, ஓட்டையைச் சுத்தி ரெண்டு அங்குலத்துக்கும் கொஞ்சம் கூடுதலா அந்த மேடு பள்ளத்தைத் தண்ணி தெளிச்சு ஊறவச்சு, தகடால சுரண்டி மட்டமாக்கு. மேல பெயிண்டு அடிச்சிருந்தா தண்ணி சட்டுனு உள்ள இறங்காது, பொறுமையாச் சுரண்டு. இதைத்தான் எல்லாரும் விட்டுர்றாங்க. பழைய திட்டு மேல ஒட்டை வச்சா அது எப்படிப் படியும்? 8 அங்குலச் சதுரத்துக்கு ஒரு துண்டுப் பலகை எடு. பின்பக்கம் நடுவுல 4 அங்குலச் சதுரம் கோடு கிழி, கத்தியால ஜிப்சம் வரைக்கும் கீறு, முன்பக்கக் காகிதத்தை மட்டும் வெட்டிறாத. ஓரத்தை மடக்கி ஒடிச்சு, ஜிப்சத்தை உரிச்சு எடுத்துரு. இப்ப நடுவுல 4 அங்குல ஜிப்சம், சுத்தி ரெண்டு அங்குலத்துக்குக் காகித விசிறி. ஓட்டை ஓரத்துலயும் காகிதத்துலயும் பூச்சைத் தடவி, ஒட்டை உள்ள சொருகி அமுக்கு. ஆறு அங்குலத் தகடால நடுவுலயிருந்து வெளிய இழுத்து, மிச்சப் பூச்சைப் பிதுக்கி எடு. காகிதத்துக்கு அடியில காத்து நின்னா, காஞ்சதும் கொப்புளம் போடும்.

இதுக்கும் பெரிய ஓட்டைன்னா ஒட்டு மட்டும் போதாது, பின்னாடி ஆள் வேணும். ஓட்டையைவிட நீளமா ஒரு மரப்பட்டையை உள்ள விட்டு, ரெண்டு பக்கமும் கூரைப் பலகை வழியா ஸ்குரூ போட்டுப் பிடிக்க வை. அப்புறம் வெட்டுன துண்டை அந்தப் பட்டையில முடுக்கு. ஸ்குரூ தலை காகிதத்தை அமுக்கிக் குழிக்கணும், கிழிச்சுக்கிட்டு உள்ள போகக்கூடாது. காகிதம் கிழிஞ்சா அந்த ஸ்குரூ சும்மா உக்காந்திருக்கும், ஒண்ணையும் தாங்காது. நம்ம ஊர்க் கமிட்டிகள்ல சில பேரு உண்டு, அந்த வகை. சந்துல வலைப்பட்டை ஒட்டி, மேல பூசு.

பூச்சுக்கு இவன் மட்டுன்னு பேரு வச்சிருக்கான். ரெண்டு சாதி. வாளியில குழைச்சே வர்றது தண்ணி வத்தித்தான் காயும், காயும்போது சுருங்கும். ஒரு பூச்சுக்கு ஒரு நாள் விடணும். தூளா வர்றது வேற. தண்ணி சேத்தா உள்ளயே வினை நடந்து கெட்டிப்பட்டுரும், சுருக்கம் குறைவு. பையிலயே 20, 45, 90னு நிமிசம் போட்டிருப்பான். ஓட்டையை முதல்ல நிரப்ப அது நல்லது. நீ 20 நிமிசப் பையை வாங்குவ, எனக்குத் தெரியும். வாங்காத. குழைச்சு ஏணியேறி, தகட்டைத் தேடி இறங்கி, மறுபடி ஏறுறதுக்குள்ள கல்லாயிரும். 45 வாங்கு, கெட்டி இட்லி மாவுப் பதத்துக்குக் குழை. வாளியில பழசு ஒட்டியிருந்தா புதுசு இன்னும் வேகமாப் பிடிச்சுக்கும், அதனால கழுவுன வாளியா இருக்கணும். கழுவுன தண்ணியை அடுப்படித் தொட்டியில ஊத்திறாத. அது குழாய்க்குள்ள போயும் கெட்டிப்படும். அப்புறம் கூரை வேலைக்கு வந்த மாமன் போதாதுன்னு குழாய் வேலைக்கும் ஆள் தேடணும்.

முதல் பூச்சை மெல்லிசா நிரப்பு. ரெண்டாவது அதைத் தாண்டி அகலமா. மூணாவது இன்னும் அகலமா, விளிம்புல ஒண்ணுமே இல்லாத அளவுக்கு இழு. தடிச்சு ஒரே பூச்சா அப்புனா வேலை சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருக்கும். அது வெடிச்சுப் பிளந்ததும், திரும்ப ஆரம்பிக்கலாம். நீ பாக்குற வீடியோவுல இதெல்லாம் பத்து நிமிசத்துல முடியுதேன்னு கேக்குற. காயுற நேரத்தை வெட்டிட்டுத்தானே படம் காட்டுறான்? கல்யாண வீடியோவுல கடன் வாங்குனதைக் காட்டுறாங்களா?

நல்லாக் காஞ்சதும் 120, 150 உப்புத்தாளால லேசா வருடு. ஈர ஸ்பாஞ்சால தேய்ச்சா தூசி இல்லை. காகிதம் பூத்துக்கிட்டு வர்ற வரைக்கும் தேய்க்காத. டார்ச்சைக் கூரையோட ஒட்டிச் சாய்வா அடிச்சுப் பாரு. நேரா அடிச்சா எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்.

பழுப்புக் கறை இருந்த இடம்னா, கறையைத் தடுக்கிற பிரைமர் அடிக்கணும், எண்ணெய் ரகமோ ஷெல்லாக் ரகமோ. தண்ணி பெயிண்டை மட்டும் எத்தனை தடவை அடிச்சாலும் கறை வெளிய வந்து எட்டிப் பாக்கும். கறை இல்லாட்டியும் புதுப்பூச்சு மேல பிரைமர் அடிச்சே ஆகணும். இல்லாட்டி அந்த இடம் மட்டும் பெயிண்டைக் குடிச்சு, மங்கலா ஒரு திட்டு நிக்கும்.

இப்பத்தான் உண்மையான பரீட்சை: பக்கத்துல இருக்கிற மேடு பள்ளத்தைக் காப்பியடிக்கணும். பள்ளிக்கூடத்துல நீ நல்லாப் பண்ணுன காரியம்தானே, பயப்படாத. டெக்ஸ்சர் டப்பா ஒண்ணு கடையில கிடைக்கும், பீச்சி அடிக்கிறது. மேல்நோக்கி அடிக்கத் தோதான ரகமான்னு டப்பாவுல படிச்சு வாங்கு. சிலதைச் சாய்ச்சுப் பிடிச்சா பூச்சு வராது, காத்துத்தான் வரும். நல்லாக் குலுக்கு. நேரா கூரையில ஆரம்பிக்காத. ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வெட்டி, அதுல அடிச்சுப் பழகு. மூக்குத் திருகை மாத்திப் பாரு, கிட்ட நின்னு பாரு, தள்ளி நின்னு பாரு. அட்டையையே கூரையோட ஒட்டிப் பிடிச்சுப் பாரு. அட்டைக்குப் பெருமை வேண்டாம், எத்தனை தடவை கெட்டாலும் கோவிச்சுக்காது.

கூரையில அடிக்கும்போது ஒரே இடத்துல நிறுத்தாம, ஓட்டையைத் தாண்டி வெளிய ஆரம்பிச்சு, தாண்டி வெளிய முடி. குறைச்சு அடி. குறைஞ்சா இன்னொரு தடவை அடிக்கலாம், கூடிருச்சுன்னா சுரண்டணும். ஈரமா இருக்கும்போதே சரியில்லைன்னு தெரிஞ்சா, சங்கடப்படாம முழுசையும் தகடால வழிச்சு எடுத்துட்டு மறுபடி அடி. காஞ்சுபோச்சுன்னா அது உன் பரம்பரைச் சொத்து. நாக்டவுனுக்கு அடிச்சதும் தட்டக்கூடாது. சில நிமிசம் நில்லு. ஈரப் பளபளப்பு போகட்டும். அப்புறம் அகலத் தகட்டை எடையே போடாம மேலோட்டமா ஒரு இழுப்பு. முந்துனா மொழுகிப் போயிரும், பிந்துனா உடையும்.

பாப்கார்னுக்குன்னு குழைச்சுவச்ச ஒட்டு தனியா டப்பாவுல விக்கிறான், பிரஷ்ஷாலயும் வைக்கலாம். ஆனா ஒரு எச்சரிக்கை: இதுவரைக்கும் பெயிண்டே பாக்காத பாப்கார்ன் கூரையில தண்ணி பெயிண்டை உருளையால தேய்ச்சா, கூரைப்பூச்சு நனைஞ்சு உருளையோட உரிஞ்சு வந்துரும். ஓட்டையை அடைக்கப் போனவன் கூரையை உரிச்சுட்டு நிப்பான்.

கடைசியில பெயிண்டு. ஒட்டுன இடத்துக்கு மட்டும் அடிச்சா மிச்சமாகுமேன்னு யோசிப்ப. யோசி. உன் கூரை வெள்ளைன்னு நீ நம்புற. புது வெள்ளையைப் பக்கத்துல வச்ச பிறகுதான் அது எம்புட்டு அழுக்கு வெள்ளைன்னு தெரியும். சுவத்துக்குச் சுவர், மூலைக்கு மூலை, முழுக் கூரையையும் பளபளப்பு இல்லாத பெயிண்டால அடி. பளபளப்பு உள்ளதை அடிச்சா இம்புட்டு நேரம் மறைச்சதெல்லாம் அம்பலத்துக்கு வந்துரும்.

ஆளைக் கூப்பிட்டுச் செய்யலாமேன்னு கேக்குற. செய்யலாம். ஆனா பூச்சு காய காய மூணு தடவை வந்து போகணும் அவன். உள்ளங்கை அகல ஓட்டைக்கும் வந்து போற கூலி வாங்காம வரமாட்டான். அவன் கேக்குற தொகையைக் கேட்டுட்டு நீ வாயைப் பிளப்ப, அந்த ஓட்டையை எதை வச்சு அடைக்கிறது?

விளக்கை மறுபடி எங்க மாட்டுறதுன்னு கேக்கலையே? கேளு. கூரைப் பலகைக்கு மேல உத்தரக்கட்டை ஓடுது, ஜாயிஸ்டுங்கிறான். 16 அங்குலத்துக்கு ஒண்ணோ, 24 அங்குலத்துக்கு ஒண்ணோ இருக்கும். கட்டையைக் கண்டுபிடிக்கிற கருவி உண்டு. அது இல்லாட்டி ஒரு நல்ல காந்தத்தைக் கூரையில நகத்து. பலகையைக் கட்டையோட சேத்து அடிச்ச ஸ்குரூவுல ஒட்டிக்கும், அதே வரிசையில கட்டை இருக்கு. கொக்கியை அந்தக் கட்டையோட நடுவுல இறங்குற மாதிரி, முதல்ல சின்னத் துளை போட்டு முறுக்கு. சாமி படத்துக்கு நேரா கட்டை இல்லையேன்னு சொல்லாத. சாமியை நகத்தலாம், உத்தரத்தை நகத்த முடியாது.

வேலை முடிஞ்சதும் மிச்சப் பெயிண்டு மூடியில எந்த அறைக்கு, என்ன பேரு, எந்த வருசம்னு எழுதி வை. பழகுன அட்டையில எது ஒத்துப்போச்சோ அந்தத் துண்டையும் பத்திரப்படுத்து, டப்பா எந்த ரகம்னு அதுல குறிச்சு வச்சுக்க. ஓட்டை ஒண்ணோட நிக்கிற வீடு எதுவும் இல்லை.

அப்புறம் நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிடு. வந்தவன் அண்ணாந்து பாத்து, "எங்கய்யா ஓட்டை இருந்துச்சு?"ன்னு கேட்டா, நீ தேறிட்டேன்னு அர்த்தம். "அடடா, என்னமா அடைச்சிருக்கீங்க!"ன்னு பாராட்டுனா, சிரிச்சுக்கிட்டே காப்பியைக் குடுத்து அனுப்பிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு மறுபடியும் சுரண்ட ஆரம்பி.